பொறுப்பாளர் பெயர்

நிறுவனங்கள் மென்பொருள் வாங்கும்போது கையெழுத்திடுகிற ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். நான் நீதிமன்றப் படி ஏறாத வக்கீல். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில், ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, பொடி எழுத்தில் அச்சான பக்கங்களோடு உட்கார்ந்திருப்பேன். எத்தனை பேர் பயன்படுத்தலாம், தாமதமானால் என்ன தண்டம், விற்ற கம்பெனி மூடிவிட்டால் சோர்ஸ் கோடு யார் கையில் இருக்கும், தகராறு வந்தால் சென்னையா சிங்கப்பூரா. பல வருடம் இதே கேள்விகள்தான். சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளியானது. அடுத்த வருடமே என் மேசைக்கு வரும் கோப்புகளின் முகம் மாறிவிட்டது. சம்பளக் கணக்கு மென்பொருளில் ஏஐ, வாடிக்கையாளர் புகார்ப் பெட்டியில் ஏஐ, ஆள் எடுப்பதில் ஏஐ. கூடவே ஒரு வசனமும் வரும்: “மேடம், இது சும்மா பைலட்தான். ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துருங்க.” பைலட் என்று தொடங்கியது எதுவும் பைலட்டாக முடிந்து நான் பார்த்ததில்லை. அது ஓடத் தொடங்கிவிட்டால் நிறுத்த யாருக்கும் மனம் வராது.

அதனால் ஒரு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். இந்தக் கருவிக்குள் யாருடைய தகவல் போகிறது? அது எங்கே, எத்தனை நாள் தங்குகிறது? வெளியே வருவது யாரைப் பற்றிய முடிவு? முடிவு தவறானால் பதில் சொல்லப்போகிறவர் பெயர் என்ன? பதவி எழுதக்கூடாது, பெயர் எழுத வேண்டும். முதல் மூன்று கேள்விகளுக்கு வரைபடம் போட்டுக்கூடப் பதில் வரும். நான்காவது கட்டம்தான் தகராறு. ‘டீம்’ என்று வரும், ‘வெண்டர்’ என்று வரும், பெரும்பாலும் காலியாகவே வரும். ஒருவர் ‘ஏஐ’ என்றே நிரப்பி அனுப்பியிருந்தார். அவர் கிண்டல் செய்யவில்லை.

இந்தக் கருவிகளை விற்பவர்கள் வேகம் விற்கிறோம் என்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் உள்ளூர வேறொன்றையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம். ஒரு ஆளை வேண்டாம் என்று சொன்னது யார், கடனை மறுத்தது யார் என்று கேட்டால், யாரும் கை தூக்க வேண்டாத நிலை. அந்த நான்காவது கட்டத்தை நிரப்பவைப்பதுதான் இப்போது என் வேலையில் பாதி.

முதலில் வந்தது, கம்பெனி வாங்காமலே உள்ளே வந்துவிட்ட கருவிகளின் பிரச்சினை. 2023இல் சாம்சங்கின் பொறியாளர்கள் ரகசிய சோர்ஸ் கோடைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. மே மாதம் அந்த நிறுவனம் தன் கணினிகளில் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. அதைப் பார்த்து இங்கும் பலர் தடை போட்டார்கள். 2025 ஜனவரியில் நம் மத்திய நிதி அமைச்சகமே தன் ஊழியர்கள் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது.

தடை பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. லேப்டாப்பில் அடைத்தால் திரையைப் போனில் படமெடுத்து, சொந்தக் கணக்கில் ஏற்றுகிறார்கள். ஒரு பயிற்சி வகுப்பில், என்னென்ன ஒட்டியிருக்கிறீர்கள், திட்டமாட்டேன், சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு கொட்டியது. வாடிக்கையாளர் பட்டியல், விலைப்புள்ளி, ஒருவரின் சம்பள உயர்வுக் கணக்கு. ஹெச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஊழியர் ஒருவர் தன் கருச்சிதைவைப் பற்றி எழுதியிருந்த விடுப்புக் கடிதத்தை அப்படியே ஒட்டி, இதற்கு ஆறுதலாக ஒரு பதில் எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறாள். மனிதாபிமானத்தில் செய்த காரியம். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு அது எங்கெல்லாம் போயிற்று என்று தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்று ஒரு மேலாளர் குதித்தார். கொடுத்திருந்தால் அடுத்த வகுப்பில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். காசு கொடுத்து நிறுவனக் கணக்கு வாங்கிக் கொடுங்கள் என்றேன். இலவசக் கணக்குக்கும் நிறுவனக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியாது, ஒப்பந்தத்தில்தான் தெரியும். நாம் கொடுத்ததை வைத்து மாடலைப் பழக்குவார்களா, அழித்தால் எத்தனை நாளில் அழியும், இடையில் எந்தெந்தக் கம்பெனிகள் தொடும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். ‘அழிப்பது’ என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில், 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்துமாறு ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது. சில மாதங்களில் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. எண்டர்பிரைஸ் கணக்குகளை அது தொடவும் இல்லை. இலவசக் கணக்கில் ஒட்டி, பயந்து, அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

விற்பனை அரங்கில் காட்டும் ஸ்லைடையும் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது என் வழக்கம். ஸ்லைடு, மனிதத் தலையீடு இல்லாமல் முடிவெடுக்கும் என்று சொல்லும். ஒப்பந்தம், வெளியீட்டை நம்பி எந்த முடிவும் எடுக்கலாகாது, சரிபார்ப்பது வாங்குபவர் கடமை என்று சொல்லும். இரண்டையும் எழுதியது ஒரே கம்பெனி. அதற்குக் கீழே, என்ன நஷ்டம் நேர்ந்தாலும் கடந்த 12 மாதத்தில் நீங்கள் கட்டிய கட்டணத்துக்கு மேல் தரமாட்டோம் என்ற உச்சவரம்பு இருக்கும். காப்புரிமை வழக்கு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி, அது எப்போதெல்லாம் செல்லாது என்று சிறிய எழுத்தில் ஒரு பட்டியல். நாங்கள் சொல்லும் வடிகட்டிகளை அணைத்தால் செல்லாது, வெளியீட்டை நீங்கள் திருத்தினால் செல்லாது. திருத்தாமல் யார் பயன்படுத்துகிறார்கள்?

ஏர் கனடா வழக்கை எல்லா வகுப்பிலும் சொல்வேன். பாட்டி இறந்து அவசரமாகப் பயணித்த ஒருவரிடம், துக்கக் கட்டணச் சலுகைக்குப் பயணம் முடிந்தும் விண்ணப்பிக்கலாம் என்று அந்த நிறுவனத்தின் சாட்பாட் சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் விதி அதற்கு நேர்மாறு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்தில் விமான நிறுவனம் வைத்த வாதம், அந்த சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி நபர் என்று பொருள்படும்படி இருந்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடிய டாலர் சொச்சம் கொடுக்கச் சொன்னது. வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். என் படிவத்தில் ‘ஏஐ’ என்று எழுதியவரும் சிரித்திருப்பார்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஆள் எடுக்கும் வேலைதான். அமேசான் ரெஸ்யூம்களைத் தரம் பிரிக்க ஒரு கருவி செய்து, அது பெண்களைத் தள்ளிவிடுவதைக் கண்டு கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பத்தாண்டு காலத்து ரெஸ்யூம்களைப் பார்த்துக் கற்ற கருவி அது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அதனால் ஆணே நல்லவன் என்று கற்றுக்கொண்டது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் ஊர்ச் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பெயரில்.

ஒரு நிறுவனம் புதிதாகச் சேர்பவர்களின் பின்னணியைச் சரிபார்க்க ஒரு ஏஐ சேவை வாங்கியிருந்தது. பட்டம் உண்மையா, முந்தைய வேலை உண்மையா என்பதோடு, நீதிமன்றப் பதிவுகளில் பெயர் இருக்கிறதா என்றும் தேடித்தரும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு. தென் மாவட்டத்து இளைஞர் ஒருவருக்குச் சிவப்பு வந்தது. வேலைக்கான கடிதம் கைக்கு வந்து, பழைய வேலையை விட்டு, சென்னையில் மேன்ஷனுக்கு முன்பணமும் கட்டியிருந்தார். பெயர் வேண்டாம். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேருக்கு இருக்கும் பெயர்.

என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேன். சேவையின் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்தை அங்கே போட்டிருக்கிறார். ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு கருவி என்ன செய்யும்? அதை ஒதுக்கிவிட்டு, மீதிப் பெயரை ஒலியை ஒட்டிப் பொருத்தியிருக்கிறது. நீதிமன்றப் பதிவில் இருந்தவருக்கு வேறு தலைப்பெழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் சற்று வேறு, மாவட்டம் மட்டும் ஒன்று. இனிஷியல் என்பது ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஒரே வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் எஸ். செந்தில், ஆர். செந்தில், எம். செந்தில். கருவியைச் செய்தவர்கள் அப்படிப்பட்ட வகுப்பில் படித்ததில்லை போலிருக்கிறது.

பிசகு எந்தத் தேடலிலும் வரும். அடுத்து நடந்த விசாரணைதான் என் மனதில் தங்கியது. சேவை நிறுவனத்தைக் கேட்டோம். “நாங்க ரிஜெக்ட் பண்ணச் சொல்லவே இல்லையே மேடம். எழுபத்து சொச்சம் சதவீதம் பொருந்துதுன்னுதான் சொன்னோம்.” ஒப்பந்தத்தைப் பார்த்தேன், அவர்கள் சொல்வது சரி. ஹெச்.ஆரைக் கேட்டோம். “சிஸ்டம்ல சிவப்பு வந்தா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது மேடம்.” முடியாது என்று எந்த விதியிலும் இல்லை. பிரிவுத் தலைவரைக் கேட்டோம். “ஹெச்.ஆர். க்ளியர் பண்ணலை, நான் எப்படி எடுப்பேன்?” சுற்றி வந்துவிட்டோம். அந்த இளைஞரை வேண்டாம் என்று சொன்னவர் ஒருவருமில்லை. அவர் வேலை மட்டும் போய்விட்டது.

அவர் அனுப்பிய மின்னஞ்சல்களையும் படித்தேன். காரணம் சொல்லுங்கள் சார், என் பக்கம் ஏதாவது தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன் என்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பணிவாக. பதில் போகவில்லை. பதில் போடவேண்டியவர் யார் என்று தெரியாததால்தான் போகவில்லை, கெட்ட எண்ணத்தால் அல்ல. என்னைப் பொறுத்தவரை இதுதான் இன்னும் மோசம். கெட்ட எண்ணமாக இருந்தால் ஒரு ஆளையாவது பிடிக்கலாம்.

பிசகு தெளிந்தபின் அவருக்கு வேலை கிடைத்தது, சில வாரம் தாமதமாக. இதே போலச் சிவப்பு விழுந்து, மின்னஞ்சல் அனுப்பக் கூச்சப்பட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் பட்டியல் யாரிடமும் கிடையாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துச் சொன்னார்கள். ஆறு வருடம் கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்தது. அதன் விதிகள் வர இன்னும் இரண்டு வருடம். 2025 நவம்பரில்தான் அறிவித்தார்கள். முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம், அதாவது 2027 மே. கூட்டங்களில் எல்லோரும் பேசுவது 250 கோடி ரூபாய் வரை போகக்கூடிய அபராதத்தைப் பற்றி. நான் அந்தச் சட்டத்தில் திரும்பத் திரும்பப் படிப்பது 8ஆம் பிரிவை. எந்த நோக்கத்துக்காக, எப்படித் தரவைக் கையாள்வது என்று தீர்மானிக்கும் நிறுவனம்தான் பொறுப்பு. வேலையை வெளியே கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக என்ன எழுதியிருந்தாலும் பொறுப்பு என்கிறது அது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குத் தரவைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அது முழுமையாகவும் துல்லியமாகவும் முரணில்லாமலும் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ‘வெண்டர்’ என்று என் கட்டத்தை நிரப்புகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

ஒரு குறையும் உண்டு. ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில், முழுக்க முழுக்க இயந்திரமே எடுத்த முடிவுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமை 22ஆம் பிரிவில் இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே அந்த இளைஞரைப் போன்றவருக்கு, ஒரு மனிதர் என் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை நான் ஒப்பந்தத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் அவர் கட்சி இல்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது.

பெருங்குடி கால் சென்டர் ஒன்றின் விவகாரம் வேறு தினுசு. அங்கே கோப்பில் பிழை எதுவும் இல்லை, எனக்குத்தான் ஒப்பவில்லை. பேசும் ஊழியரின் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்து, இவர் சலிப்பாக இருக்கிறார், எரிச்சலாக இருக்கிறார் என்று மதிப்பெண் போடும் மென்பொருள். மாதக் கடைசியில் அந்த மதிப்பெண் ஊக்கத்தொகையில் போய் உட்காரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை இப்படி ஊகிப்பதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மீறினால் மூன்றரைக் கோடி யூரோ, அல்லது உலக அளவிலான ஆண்டு வருவாயில் 7 சதவீதம், எது அதிகமோ அது வரை போகலாம். விற்க வந்த இளைஞனிடம் இதைக் கேட்டேன். பளிச்சென்று சொன்னான்: “ஐரோப்பா கஸ்டமருக்கு அந்த ஃபீச்சரை ஆஃப் பண்ணித்தான் மேடம் குடுப்போம். இந்தியாவுக்குப் பிரச்சினை இல்லை.”

அவன் சொன்னது சட்டப்படி சரி. நானும் அந்தக் கோப்பில் சட்டத் தடை இல்லை என்றுதான் எழுத முடியும். எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: பெருங்குடியில் உட்கார்ந்து பேசுகிறவரின் எரிச்சலுக்கு மட்டும் சம்பளம் வெட்டுவதை யார் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறார், அவர் பெயர் வேண்டும். கோப்பு வெகுநாள் சுற்றியது. கடைசியில் ஊக்கத்தொகையோடு கோர்த்திருந்ததை எடுத்துவிட்டார்கள். குரலைக் கேட்பது நிற்கவில்லை. பாதி வெற்றியா முழுத் தோல்வியா என்று எனக்கே இன்னும் தீர்மானமில்லை.

எங்கள் வக்கீல் கூட்டத்தின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஜூனில் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அதற்குப் பின்னும் உலகம் முழுக்க அதே காரியம் நடந்துகொண்டிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழமை நீதிமன்றங்களுக்கு ஏஐ கொள்கை ஒன்றையே வெளியிட்டு, தீர்ப்பை எட்ட இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது. என்னிடம் வேலை செய்யும் ஜூனியர்கள் எந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டாலும் மூலத்தைத் திறந்து, பத்தி எண்ணோடு ஓரத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். முனகுகிறார்கள். முனகட்டும்.

நெறிமுறைக் கொள்கை என்று ஒன்றை அச்சடித்து வரவேற்பறையில் மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நேர்மை, வெளிப்படைத்தன்மை என்று அழகான சொற்கள். அவற்றைவிட நம் மாநில அரசு 2020இல், இந்த அலை எழும்பும் முன்பே, வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏஐ கொள்கை உருப்படியானது. ஒரு அமைப்பைப் பொதுமக்களிடம் விடும் முன் பன்மை, சமத்துவம், அந்தரங்கம், தணிக்கை என்று தலைப்புவாரியாக மதிப்பெண் போட ‘டீப்-மேக்ஸ்’ என்ற அட்டவணை அதில் இருக்கிறது. அரசுத் துறைகளுக்காக எழுதியது. தனியார் கம்பெனிகளிடம் அதைக் காட்டினால், எங்கள் ஊரிலேயே இப்படி ஒன்றா என்று வியக்கிறார்கள். மதிப்பெண் போடுகிறவர் பெயருக்கு அதிலும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பெயர் எழுதவைத்தால் என்ன மாறுகிறது என்று கேட்பார்கள். பெரிதாக எதுவும் மாறுவதில்லை. எழுதியவர் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கடன் வாங்கியவனின் வீட்டுப் பக்கம் அடிக்கடி நடப்பதைப் போல, அவர் வெண்டரின் கூட்டத்துக்குத் தானே போகத் தொடங்குகிறார். அந்தப் பின்னணிச் சரிபார்ப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது, நான்காவது கட்டத்தில் ஹெச்.ஆர். தலைமை அதிகாரி தன் பெயரை எழுதினார், தயங்கித் தயங்கித்தான். எழுதிய மறுவாரம் எனக்குப் போன் செய்தார். “மேடம், இனிஷியலோட நம்ம ஊர் பேர் ஒரு ஐநூறு குடுத்து, எத்தனை தப்பாப் பொருந்துதுன்னு முதல்ல காட்டச் சொல்லலாமா?” நான் இத்தனை நாள் கேட்டு நடக்காததை, தன் பெயர் காகிதத்தில் ஏறியதும் அவரே கேட்டார்.

வெண்டர் முதலில் மழுப்பினார். பிறகு காட்டினார். முடிவு அவர்களுக்கே அதிர்ச்சி. அப்பா பெயர் முழுதாக ஒரு கட்டம், பிறந்த தேதி பொருந்தாமல் சிவப்பு விழக்கூடாது, சிவப்பு விழுந்தால் இரண்டு வேலை நாளுக்குள் ஒரு ஆள் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும், பார்த்தவர் பெயரோடு விண்ணப்பதாரருக்குக் காரணம் போக வேண்டும் என்று நான்கு ஷரத்துகள் சேர்ந்தன. ஆள் வைத்துப் பார்ப்பதற்கு விலை கொஞ்சம் ஏறியது. நிர்வாகம் முகம் சுளித்தது, ஒப்புக்கொண்டது. அந்த ஆள் பார்க்கும் ஷரத்தை அடுத்த புதுப்பித்தலில் எடுத்துவிட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று பர்ச்சேஸ் பிரிவு இப்போதே கேட்டு மெயில் போட்டிருக்கிறது.